வயிற்றுப் பிள்ளைக்கு உயிர் எப்போது வருகிறது, ‘நான்’ என்பது எப்போது வருகிறது?

களுவாஞ்சிக்குடியான்:

அன்பின் நண்பர்களுக்கு வணக்கம்.

நான் தரம் 11க்கு விஞ்ஞானம் கற்பிப்பவன். சென்ற வாரம் மனித இனப்பெருக்கப் பாடம் முடியும் தறுவாயில், கடைசி வாங்கில் இருக்கும், வழமையாக வாய் திறக்காத மாணவி ஒருத்தி எழுந்து, “சேர், உயிர் எப்ப வாற?” என்று கேட்டாள். கருக்கட்டலின்போது என்று யோசிக்காமல் சொல்லிவிட்டுக் கரும்பலகையை அழிக்கத் திரும்பினேன். “அப்ப சூலும் விந்தும் அதுக்கு முதல் செத்தா கிடந்த?” என்று அடுத்த கேள்வி வந்தது. வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் பிழை என்னுடையது.

சூலும் விந்தும் உயிருள்ள கலங்களே. அவற்றைத் தந்த தாயும் தந்தையும் உயிருள்ளவர்கள், அவர்களைப் பெற்றவர்களும் அப்படியே. பின்னோக்கி எவ்வளவு தூரம் போனாலும் இடையில் உயிர் அறுந்து மறுபடி முளைத்த இடம் ஒன்றைக் காட்ட முடியாது. ஆகவே உயிர் ‘வருகிறது’ என்று சொல்வதைவிட, ஏற்கெனவே எரியும் விளக்கிலிருந்து இன்னொரு திரி பற்றுகிறது என்று சொல்வதே பொருத்தமாகத் தெரிகிறது. அப்படியானால் அன்றைக்குப் புதிதாகத் தொடங்குவது எது?

வீட்டிலும் எனக்கு உதவி கிடைக்கவில்லை. எங்கள் பக்க வழக்கப்படி நான் மனைவியின் வீட்டில் இருப்பவன். அங்கே மாமியின் தீர்ப்புக்கு மேன்முறையீடு கிடையாது. மைத்துனி ஒன்பதாம் வாரத்து ஸ்கேன் படத்தைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டி வைத்து, அதற்கு ஒரு செல்லப் பெயரும் வைத்துவிட்டாள். மாமியோ அந்தப் படத்தை ஏறிட்டும் பார்க்காமல், “துடிச்சாத்தான் புள்ள, அதுக்கு முதல் வயிறுதான்” என்கிறார். ஒரே வீட்டில் ஒரே கருவுக்கு இரண்டு தொடக்க நாட்கள்.

இடைவேளையில் அந்த மாணவி மறுபடியும் வந்து, தான் இருப்பது பிள்ளைக்கு எப்போது தெரியவரும் என்றும் கேட்டாள். அடுத்த கிழமை அவளுக்கு நேர்மையாக ஏதாவது சொல்ல வேண்டும். கருக்கலைப்புச் சண்டையாக இதை மாற்றிவிடாமல், தெரிந்தவர்கள் எழுதினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

ஒற்றைப்பனை:

சேர், நீங்கள் முதலில் சொன்ன பதிலே சரி. பிள்ளையின் குறுக்குக் கேள்வியில் தடுமாறிவிட்டீர்கள். சூலில் 23 நிறமூர்த்தங்கள், விந்தில் 23. இரண்டும் உயிருள்ளவைதான், ஆனால் எதுவும் தனித்து நின்றால் மனிதராக வளராது. இரண்டும் சேர்ந்து நுகம் உருவான கணத்தில் 46 நிறமூர்த்தங்களோடு, தாயுமல்லாத தந்தையுமல்லாத ஓர் அமைப்பு முதன்முதலாக உண்டாகிறது. அதன் பிறகு நடப்பதெல்லாம் வளர்ச்சியே தவிரத் தொடக்கம் அல்ல. இதில் குழப்பம் எங்கே இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை.

பாதையோரம்:

நான் குடும்பநல உத்தியோகத்தராக இருந்து ஓய்வு பெற்றவள். மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளான எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் வேலை செய்திருக்கிறேன். விவாதத்துக்குப் போகாமல், கணக்கில் உள்ள ஒரு சிக்கலை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வாரக் கணக்கு விளங்காமல் இந்தக் கேள்வியைப் பேசுபவர்கள் ஆளுக்கு இரண்டு வாரம் தள்ளி நின்று சண்டை பிடிக்கிறார்கள்.

கிளினிக்கில் நாங்கள் எழுதும் வாரம் கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து எண்ணப்படுவது. அந்தக் கணக்கில் பிரசவத் திகதி 280ஆம் நாள். கருக்கட்டல் நடப்பதோ ஏறக்குறைய இரண்டு வாரங்கள் கழித்து. அதாவது அட்டையில் ‘இரண்டாம் வாரம்’ என்று வரும்வரை வயிற்றில் கருவே இல்லை. இதயக் குழாய் துடிக்கத் தொடங்குவது கருக்கட்டி 22 நாட்களளவில். அட்டைக் கணக்கில் அது ஆறாம் வாரத்துக்குக் கிட்டவாகும். சேரின் மைத்துனி ஒட்டி வைத்திருக்கும் ‘ஒன்பது வாரம்’ உண்மையில் ஏழு வாரக் கரு.

இனி மாமி சொன்ன துடிப்புக்கு, அதாவது வயிற்றில் பிள்ளை அசைவதைத் தாய் உணர்வதற்கு, வருகிறேன். பிள்ளை அசையத் தொடங்குவது ஏழு, எட்டு வாரமளவிலேயே. ஸ்கேனில் அது தெரியும். தாய்க்கு அது தெரியாது. முதற்பிள்ளை என்றால் 18 முதல் 20 வாரத்திலும், அடுத்த பிள்ளைகள் என்றால் 16 வாரமளவிலும் தாய் உணர்வாள். முதற்பிள்ளைக்காரி அதை வாயு என்று நினைத்து இரண்டு வாரத்தைக் கடத்திவிடுவதும் உண்டு. ஆகவே துடிப்பு பிள்ளையின் தொடக்கம் அல்ல, பிள்ளையைத் தாய் அறிந்துகொள்வதன் தொடக்கம். மாமியைப் பிழை என்று நான் சொல்ல மாட்டேன். அவர் வேறொரு கேள்விக்கு விடை சொல்கிறார்.

ஒரு நாள் குருமண்வெளியிலிருந்து மண்டூருக்குப் பாதையில் போய்க்கொண்டிருந்தேன். (வெளியூர் நண்பர்களுக்கு: எங்கள் ஊரில் பாதை என்றால் வாவியைக் கடக்கும் மிதவை.) என் பராமரிப்பில் இருந்த ஓர் இளம் தாய் அதே பாதையில் மோட்டார் சைக்கிளைப் பிடித்தபடி நின்றாள். அதற்கு முன் இரண்டு கரு பன்னிரண்டு வாரத்துக்குள் கலைந்தவள். மூன்றாவதைப் பற்றி அவள் ஒருபோதும் ‘பிள்ளை’ என்று சொன்னதில்லை. ‘இது’ என்பாள், அல்லது ஒன்றும் சொல்ல மாட்டாள். வாவி நடுவில் சட்டென்று என் கையைப் பிடித்துத் தன் வயிற்றில் வைத்தாள். என் கைக்கு ஒன்றும் தெரியவில்லை, அந்த மாதத்தில் வெளியே தெரியவும் மாட்டாது. “மிஸ், புள்ள” என்றாள். அதற்கு முன்னரே கருவியில் இதயத் துடிப்பை அவளுக்குக் கேட்கச் செய்திருந்தேன். அப்போதெல்லாம் வராத சொல் அன்றைக்குத்தான் வந்தது.

வயல்காற்று:

சம்மாந்துறையிலிருந்து எழுதுகிறேன். தொழிலால் சட்டத்தரணி. சகோதரி எழுதியதற்கு ஓர் ஒட்டாகச் சில செய்திகள்.

துடிப்பை மாமி மட்டும் கோடாகப் போடவில்லை, எங்கள் நாட்டுச் சட்டமும் போட்டிருக்கிறது. 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை 303ஆம் பிரிவில், தாயின் உயிரைக் காக்கும் நல்லெண்ணத்தோடு அல்லாமல் கருவைச் சிதைத்தால் மூன்று ஆண்டு வரையான சிறைத்தண்டனை. வயிற்றுப் பிள்ளை துடிப்பு வைத்த நிலையை அடைந்திருந்தால் ஏழு ஆண்டு வரை. ஸ்கேன் இல்லாத காலத்தில் தாயின் வாய்ச்சொல்லைவிட வேறு சான்று ஏது? அதே சட்டக்கோவையில், வயிற்றுக்குள் இருக்கும் பிள்ளையின் மரணம் மனிதக் கொலையாகாது, ஆனால் பிள்ளையின் உடலில் ஏதாவது ஒரு பகுதி வெளியே வந்துவிட்டால், அது இன்னும் மூச்சு விடாவிட்டாலும்கூட, கொலையாகலாம் என்றும் இருக்கிறது. ஒரே சட்டத்துக்குள் இரண்டு கோடுகள்.

இஸ்லாமிய மார்க்கத்தில் எங்களுக்குத் தெரிந்த கணக்கு 120 நாட்கள். நாற்பது நாள் துளி, நாற்பது நாள் இரத்தக்கட்டி, நாற்பது நாள் சதைத்துண்டு, அதன் பிறகு மலக்கு (வானவர்) வந்து ரூஹை (ஆன்மாவை) ஊதுகிறார் என்பது ஹதீஸ் (நபிமொழி). மூன்று கட்டமும் சேர்த்தே நாற்பது நாளென்று விளங்கிக்கொண்ட அறிஞர்களும் உண்டு. இங்கே நாங்கள் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில் (மார்க்கச் சட்ட வழியில்), நான்கு மாதம் நிறைந்து கலைந்த பிள்ளையைக் குளிப்பாட்டிக் கபன் துணியிட்டு அடக்க வேண்டும். உயிரின் அறிகுறி தெரியாவிட்டால் ஜனாஸாத் தொழுகை (இறந்தவருக்கான தொழுகை) இல்லை. கவனியுங்கள், இங்கேயும் ‘கரு உயிரற்றது’ என்று எவரும் சொல்லவில்லை. வளர்வது வேறு, ரூஹ் ஊதப்படுவது வேறு என்ற பிரிப்பு, சேரின் மாணவி கேட்ட குறுக்குக் கேள்விக்கு ஏற்கெனவே இடம் விட்டிருக்கிறது.

மரணத்தின் பக்கமிருந்தும் இதைப் பார்க்கலாம். 1987ஆம் ஆண்டின் 48ஆம் இலக்க மனித இழைய மாற்றுச் சட்டம், மூளையின் செயற்பாடு முழுவதும் மீள முடியாதபடி நின்றுவிட்டால் அதை மரணமாக ஏற்றுக்கொள்கிறது. அப்படியானால் மூளை வேலை செய்யத் தொடங்குவதையே ஆளின் தொடக்கமாகக் கொள்ளக்கூடாதா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கேட்பதற்கு அழகாக இருந்தாலும் எனக்கு இது ஒப்பவில்லை. நின்றுபோன மூளை இனி வராது. இன்னும் உருவாகாத மூளை வந்துகொண்டிருக்கிறது. தராசின் இரண்டு தட்டிலும் வேறு வேறு சாமான்.

களுவாஞ்சிக்குடியான்:

இருவருக்கும் நன்றி. ஒற்றைப்பனை ஐயாவுக்கு ஒரு கேள்வி. நுகத்திலேயே ஆள் முழுமையாகத் தொடங்கிவிடுகிறார் என்றால், ஒரே கருவிலிருந்து பிறக்கும் இரட்டையர்களை என்ன செய்வது? கருக்கட்டி ஏறத்தாழ 14 நாட்கள் வரை முளையம் இரண்டாகப் பிரியக்கூடும். அதன் பின்னரே முதுகின் நடுக்கோடாக அமையப்போகும் கீற்று தோன்றி, தலை எது கால் எது என்பது தீர்மானமாகிறது. 1978இல் பரிசோதனைக் குழாய் முறையில் முதற்குழந்தை பிறந்த பிறகு, பிரித்தானியாவில் மேரி வார்னொக் தலைமையிலான குழு 1984இல் இந்த 14 நாளையே ஆய்வுகூட முளையங்களுக்கு எல்லையாக வைத்தது. முதலாம் நாளில் அங்கே இருந்தவர் அண்ணனா தம்பியா?

ஒற்றைப்பனை:

ஒருவர் இருவரானால் எண்ணிக்கை மாறியது என்று அர்த்தம், முதலில் எவரும் இல்லை என்று அர்த்தம் அல்ல. வாழைக்குட்டியைப் பெயர்த்து நட்டால் முதல் வாழை இருக்கவில்லை என்றா சொல்வோம்? வார்னொக் குழு தேவைக்காக ஒரு நாளைக் குறித்தது. அந்த எல்லையைத் தளர்த்தலாம் என்று 2021இல் தண்டுக்கல ஆய்வாளர்களின் சர்வதேசச் சங்கமே வழிகாட்டியை மாற்றிவிட்டது. தேவைக்கேற்ப நகரும் கோட்டில் எனக்கு நம்பிக்கை இல்லை.

ஒன்றை மட்டும் ஒத்துக்கொள்கிறேன். சைவ சித்தாந்தம் படித்த என் தகப்பனார் இருந்திருந்தால் எங்கள் எல்லோரையும் பார்த்துச் சிரித்திருப்பார். அவருக்குப் பதி (இறைவன்), பசு (உயிர்), பாசம் (தளை) மூன்றும் அநாதி. உயிருக்குத் தொடக்கமே இல்லை, உடம்புக்குத்தான் உண்டு. அவரிடம் ‘உயிர் எப்போது தொடங்குகிறது’ என்று கேட்டால், கேள்வியைத் திருத்திக்கொண்டு வரச் சொல்லி அனுப்பியிருப்பார்.

வந்தாறுமூலைக்காரி:

கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படித்து, இப்போது சிறுவர் உளவியலோடு தொடர்பான வேலை செய்கிறேன். இரண்டு வயது நிறையாத ஒரு மகளுக்குத் தாய். மாணவியின் இரண்டாவது கேள்வியை எவரும் தொடவில்லையே என்பதால் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தொல்காப்பியம் உயிர்களை அறிவின்படி வகுக்கும்போது தொடுகையை முதலில் வைத்து, நாக்கு, மூக்கு, கண், செவி என்று ஏறி, ஆறாவதாக மனத்தை வைக்கிறது. வயிற்றுப் பிள்ளையிலும் தொடுகைதான் முதல். எட்டு வாரமளவில் உதட்டருகே தொட்டால் அது அசைகிறது. பார்வை மட்டும் வரிசை மாறிக் கடைசியில் வருகிறது. கண்ணிமை திறப்பதே 26ஆம் வாரமளவில். ஆனால் எட்டு வாரத்து அசைவை வைத்துப் பிள்ளை ‘உணர்கிறது’ என்று சொல்லிவிட முடியாது. அது முண்ணாணும் மூளைத் தண்டும் தாமாகச் செய்யும் தெறிவினை. புலன் செய்திகள் மூளையின் நடுவே உள்ள தலமஸ் வழியாக மூளைய மேற்பட்டைக்குப் போய்ச் சேரும் நரம்பிணைப்புகள் 24ஆம் வாரமளவிலேயே எட்டத் தொடங்குகின்றன. அதற்கு முன் விளக்கும் இருக்கிறது, ஆளியும் (சுவிட்சும்) இருக்கிறது, இடையில் வயர் இல்லை. வயர் வந்த பிறகும் பிள்ளை பெரும்பாலான நேரத்தை உறக்கம் போன்ற நிலையிலேயே கழிக்கிறது.

காது அதற்கிடையில் வேலை தொடங்கிவிடும். பிறந்து மூன்று நாளைக்குள் இருந்த குழந்தைகளின் வாயில் சூப்பியைக் கொடுத்து, அவை சூப்பும் வேகத்துக்கேற்பத் தாயின் குரலோ வேறொரு பெண்ணின் குரலோ ஒலிக்கும்படி 1980இல் டிகாஸ்பரும் ஃபைஃபரும் ஒரு பரிசோதனை செய்தார்கள். குழந்தைகள் தாயின் குரல் வரும் வகையில் சூப்பும் வேகத்தை மாற்றிக்கொண்டன. அதாவது பிறக்கும்போதே ‘அம்மா’ தெரியும். ‘நான்’?

அதிலும் ஒரு துளி இருக்கிறது. பச்சைக் குழந்தையின் கன்னத்தை நீங்கள் விரலால் தொட்டால் முலை தேடுவதுபோல் தலையைத் திருப்பும். அதன் கையே அதன் கன்னத்தில் பட்டால் அவ்வளவு திருப்புவதில்லை. 1997இல் ரொஷாவும் ஹெஸ்பொஸும் காட்டியது இது. என் கை, பிறர் கை என்ற வேறுபாட்டை உடம்பு அறிந்திருக்கிறது. ஆனால் அறிந்திருப்பதை அது அறியாது.

தன்னைத் தான் பார்ப்பதற்கான பரிசோதனையாக எல்லோரும் சொல்வது கண்ணாடி. 1970இல் கோர்டன் கலப் சிம்பன்சிகளிடம் செய்ததை ஒத்த முறையில், 1972இல் பியூலா ஆம்ஸ்டர்டாம் குழந்தைகளின் மூக்கில் சிவப்பு மையைத் தெரியாமல் தடவிக் கண்ணாடி முன் விட்டார். 18 முதல் 24 மாதத்துக்குள் பெரும்பாலான பிள்ளைகள் கண்ணாடியை விட்டுத் தம் மூக்கைத் தொடத் தொடங்குகிறார்கள்.

இங்கேதான் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. எங்கள் வீடுகளில் கண்ணூறு படாமலிருக்கக் கன்னத்தில் கறுத்தப் பொட்டு வைக்காத குழந்தை உண்டா? முகத்தில் ஒரு கறை இருப்பது அந்தப் பிள்ளைக்கு அன்றாடம். கன்னத்துப் பொட்டைத் தடவிப் பார்க்கவில்லை என்பதற்காக அதற்குத் தன்னைத் தெரியாது என்று எழுதிவிட முடியுமா? கென்யாவில் பரிசோதித்தபோது ஆறு வயதுப் பிள்ளைகளில்கூடப் பெரும்பாலானோர் தம் முகத்திலிருந்த அடையாளத்தைத் தொடாமல் அப்படியே உறைந்து நின்றார்கள் என்று 2011இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. பிள்ளைக்குத் தன்னைத் தெரியாமலில்லை; இந்தச் சூழலில் என்ன செய்வது என்று தெரியாமல் நின்றிருக்கலாம்.

வீட்டில் நானும் செய்து பார்த்தேன். மகளுக்கு அப்போது பதினேழு மாதம். வழமையான இடத்தை விட்டு மூக்கு நுனியில் ஒரு சிவப்பு ஒட்டுப்பொட்டை, முகம் துடைக்கும் சாக்கில் ஒட்டி, அலுமாரிக் கண்ணாடி முன் விட்டேன். கண்ணாடியில் தெரிந்த மூக்கை நகத்தால் சுரண்டினாள், வரவில்லை என்றதும் கண்ணாடியை நக்கினாள், பிறகு அலுமாரியின் பின்பக்கம் போய் எட்டிப் பார்த்தாள். இரண்டு மாதம் கழித்து அதே பொட்டு, அதே அலுமாரி. சிறிது நேரம் அசையாமல் நின்றாள். கையைத் தூக்கித் தன் மூக்கிலிருந்து பொட்டை உரித்தெடுத்து, என்னைத் திரும்பிப் பார்த்து, வந்து என் நெற்றியில் ஒட்டினாள். இடம் தெரிந்துதான் ஒட்டினாள்.

அந்த மாதத்திலும் அவள் ‘நான்’ என்று சொல்லவில்லை. இன்றும் ‘பாப்பாக்கு வேணும்’ என்றுதான் கேட்கிறாள். நாங்கள் கூப்பிடும் பெயரால்தான் தன்னைச் சொல்கிறாள். ‘நான்’ என்பது கடினமான சொல். நான் சொன்னால் நான், நீங்கள் சொன்னால் நீங்கள். அது வாய்க்கு வருவதற்கு, தானும் பிறரைப்போல் ஓர் இடத்தில் நின்று பேசுகிறேன் என்பது விளங்க வேண்டும்.

கடைசியாக ஞாபகம். பெரும்பாலானோருக்கு முதல் ஞாபகம் மூன்று, மூன்றரை வயதுக்கு முந்தியதாக இருப்பதில்லை. என் ஒன்றுவிட்ட தங்கைக்கு 2004 டிசம்பர் 26இல், சுனாமி வந்த அன்று, பதினான்கு மாதம். கல்லடியில் தண்ணீர் வந்தது, மாமா தன்னை மதிலுக்கு மேலால் தூக்கி எறிந்தது, யாரோ ஏந்திப் பிடித்தது எல்லாவற்றையும் அவள் கண்ணால் கண்டதுபோலச் சொல்வாள். அந்தக் கதை அவளுடைய தாயின் வாயிலிருந்து வந்தது. வருடா வருடம் கேட்டுக் கேட்டு அவளுடையதாகிவிட்டது. அதே நாட்களில் கல்முனை வைத்தியசாலையில் 81ஆம் இலக்கமாகப் பதியப்பட்ட கைக்குழந்தையை நாடே அறிந்திருந்தது. பெற்றோர் யாரென்று 2005 பெப்ரவரியில் மரபணுப் பரிசோதனையால் உறுதியாகும்வரை அந்தக் குழந்தை யார் என்ற வழக்கு நடந்தது, அந்தக் குழந்தைக்கு மட்டும் அது தெரியாது. ஆளாக இருப்பதும் ஆளென்று தன்னை அறிவதும் ஒரே நாளில் நடப்பதில்லை என்பதற்கு எங்கள் கரையில் வேறு சான்று வேண்டாம்.

பாதையோரம்:

மகள், நீங்கள் சொன்ன ‘கூப்பிடும் பெயர்’ பற்றி ஒரு சிறு செய்தி. இங்கே பிள்ளை பிறப்பதற்கு முன்னரே ஒன்று தீர்மானமாகிவிடுகிறது: குடி, அதாவது தாய்வழிக் குலம். பிள்ளை தாயின் குடி, தாய் அம்மம்மாவின் குடி. அதை எங்கள் ஆட்கள் வயிற்றுவார் என்றே சொல்வார்கள். சம்மாந்துறைத் தம்பிக்கும் இது தெரியும், அவர்களிடமும் குடி உண்டு. உடற்கூறும் இதற்கு ஏற்றாற்போல் ஒன்று சொல்கிறது. பெண் சிசுவின் சூலகத்தில் சூல்களுக்கான கலங்கள் அனைத்தும் பிறப்பதற்கு முன்னரே உண்டாகிவிடுகின்றன. ஐந்தாம் மாதமளவில் அறுபது, எழுபது இலட்சம் இருந்து, பிறக்கும்போது பத்து, இருபது இலட்சமாகக் குறைந்துவிடும். உங்களை ஆக்கிய சூலின் கலம், உங்கள் அம்மா உங்கள் அம்மம்மாவின் வயிற்றில் இருந்தபோதே அங்கே இருந்தது.

களுவாஞ்சிக்குடியான்:

நேற்று அந்த வகுப்பு முடிந்தது. இங்கே கிடைத்தவற்றை வைத்துக் கரும்பலகையில் இடமிருந்து வலமாக ஒரு நீளக் கோடு வரைந்து, கருக்கட்டல், 14 நாள், இதயம், துடிப்பு, 24 வாரம், பிறப்பு, கண்ணாடி, ‘நான்’ என்று குறித்தேன். ஒவ்வொன்றையும் யார் தொடக்கமாகக் கொள்கிறார்கள், எதற்காகக் கொள்கிறார்கள் என்று சொன்னேன். எது சரி என்று சொல்லவில்லை. சோதனையில் வந்தால் கருக்கட்டல் என்று எழுதும்படி மட்டும் சொன்னேன், அதை ஒற்றைப்பனை ஐயா தன் வெற்றியாக எடுத்துக்கொள்ளலாம்.

பிறகு பாதையோரம் அக்கா எழுதிய சூல் கணக்கைச் சொல்லி, இதை எங்கே குறிப்பது என்று கேட்டுச் சோக்கை அந்த மாணவியிடம் கொடுத்தேன். கோட்டின் இடது முனையில் நின்று யோசித்தாள். அங்கே கரும்பலகை முடிந்துவிட்டது. கோட்டை மரச்சட்டத்தின் மேலாக இழுத்துச் சுவருக்குக் கொண்டுபோய், அதில் சிறிதாக ‘அம்மம்மா’ என்று எழுதிவிட்டு வாங்குக்குப் போனாள். சுவரில் எழுதியதற்கு அதிபர் இன்று காலை விளக்கம் கேட்டார்.